ஆபீஸ் அனுமதி வேறு, ஊர்ச் சம்மதம் வேறு: அட்டப்பாடிக்கு ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு

கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி முப்பது கிலோமீட்டர். அங்கே கொடுங்கரைப் பள்ளம் என்ற ஆற்றைத் தாண்டினால் கேரளம், பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. ஆற்றுக்கு இரண்டு பக்கமும் இருளர் இருக்கிறார்கள், சொந்தபந்தமும் இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் ஆய்வு என்று போகிறவருக்குப் பாலம் தாண்டியதும் எல்லாக் காகிதமும் மாறிவிடும். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வாய்மொழி வழக்காறு பற்றிய ஒரு களப்பணியில் ஒரு பருவம் முழுக்க அலைச்சலிலேயே கரைந்தது. அகளியில் பிடித்த அறைக்கு முன்பணம், ஜீப் வாடகை, வாடகைக்கு எடுத்துச் சும்மா பையிலேயே கிடந்த ஒலிப்பதிவுக் கருவி என்று நாற்பதாயிரத்துக்கு மேல் கைக்காசு போனது. பணம் போனதைவிட, அனுப்பி வைத்த கல்வி நிறுவனத்தில் ஒருவருக்குக்கூட இந்த வழி தெரியவில்லையே என்பதுதான் கோபம். ‘கவர் லெட்டர் வாங்கிட்டுப் போங்க, மக்கள் நல்லாப் பேசுவாங்க’ என்பதோடு அவர்கள் வேலை முடிந்துவிட்டது. இனிமேல் போகிறவர்களுக்காக, வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் சட்ட நிலை. தமிழ்நாட்டில் மிகவும் நலிவடைந்த பழங்குடிகள் என்று மத்திய அரசு பட்டியலிட்ட ஆறு பிரிவுகளில் இருளரும் உண்டு. கேரளப் பட்டியலில் ஐந்து பிரிவுகள், அதில் இருளர் இல்லை, குறும்பர் இருக்கிறார்கள். ஆகவே மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதும்போது ‘அட்டப்பாடிப் பழங்குடிகள்’ என்று மொத்தமாக எழுதக் கூடாது. இருளர், முடுகர், குறும்பர் என்று மூன்று சமூகங்கள், மூவருக்கும் பேச்சு வேறு, வழக்கம் வேறு, சட்டத்தில் குறும்பருக்கு இடமும் வேறு. யாரோடு, எந்தப் பஞ்சாயத்தில், அகளியா, புதூரா, சோளையூரா என்று குறிப்பிட்டு எழுதினால்தான் பின்னால் கேள்வி வராது. இன்னொன்று, பஞ்சாயத்து முறையைப் பழங்குடிப் பகுதிகளுக்கு நீட்டிக்கும் பெசா சட்டத்தைக் காட்டி ‘கிராம சபை அனுமதி’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 1996ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும்தான். ஆந்திரத்தில் அப்படிப்பட்ட பகுதிகள் உண்டு, கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இல்லை. இங்கே கை கொடுப்பது 2006 வன உரிமைச் சட்டம். அதன் 3(1)(கே) பிரிவு, பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மேல் அந்தச் சமூகத்துக்குக் கூட்டு உரிமை உண்டு என்கிறது. அந்தச் சட்டத்துக்கான கிராம சபையாகக் கேரளத்தில் கூடுவது ஊருக்கூட்டம், அதாவது ஊரார் எல்லோரும் கூடும் சபை.

எந்த ஆபீஸ் எதற்கு என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கிளம்பினால் ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் கைகாட்டும். ஊருக்குள் போய் ஆய்வு செய்ய அகளியில் உள்ள ஐ.டி.டி.பி. (ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டம்) திட்ட அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும். குறும்பர் ஊர்கள் பெரும்பாலும் புதூர்ப் பஞ்சாயத்தில் காட்டுக்குள் இருக்கின்றன, அதற்கு மண்ணார்க்காடு வனக் கோட்டத்தின் அனுமதியும் வேண்டும், முக்காலியில் செக்போஸ்ட்டில் அதைக் காட்டாமல் வண்டி நகராது. சரணாலயம், தேசியப் பூங்கா எல்லைக்குள் வேலை இருந்தால் 1972 வனவிலங்குச் சட்டப்படி தலைமை வனவிலங்குக் காப்பாளர் அனுமதி, அது திருவனந்தபுரம் போய்த் திரும்பும் காகிதம். தமிழ்நாட்டுப் பக்கம் மாவட்ட ஆதிதிராவிடர் பழங்குடியினர் நல அலுவலகமும் கோவை வனக் கோட்டமும். ஏற்கெனவே என்னென்ன ஆய்வு நடந்திருக்கிறது என்று பார்க்கக் கோழிக்கோட்டில் கேரள அரசின் பழங்குடி ஆய்வு நிறுவனமான கிர்த்தாட்ஸ், ஊட்டிப் பக்கம் பழங்குடியினர் ஆய்வு மையம். இந்த இரண்டு நூலகத்துக்கும் முதலிலேயே போய்விடுவது நல்லது. மக்களிடம் கேட்கப் போகும் கேள்வியில் பாதிக்கு அங்கேயே பதில் இருக்கும், அந்தக் கேள்விகளை மறுபடி கேட்டு அவர்கள் பொழுதை வீணாக்க வேண்டியதில்லை.

இந்த மனுக்களை ஒன்று முடிந்தபின் ஒன்று என்று போடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் போட்டுவிட்டு, ஒவ்வொன்றிலும் மற்றவற்றின் நகலை இணையுங்கள். கேரள அலுவலகங்களுக்கு மலையாளத்தில் ஒரு பக்கச் சுருக்கம் கட்டாயம், ஆங்கில மனு மேசையிலேயே தங்கிவிடும். சுருக்கத்தில் என்ன கேட்கப் போகிறீர்கள், எத்தனை பேரிடம், எந்தக் கருவி, இரவு தங்குவீர்களா, தாவரம் மண் ரத்தம் எச்சில் எதையாவது எடுப்பீர்களா இல்லையா, யார் பணம் தருகிறார்கள் என்பவை வெளிப்படையாக இருக்கட்டும். ‘எதையும் எடுக்க மாட்டோம்’ என்று ஒரு வரி இருந்தால் வனத்துறைக் கேள்விகளில் பெரும்பகுதி நின்றுவிடும். நெறிமுறைக் குழுவும் ஒரு தலைவலி. கலைப்பிரிவுக்கென்று தனிக் குழு இல்லாத கல்லூரிகளில் மருத்துவக் கல்லூரிப் படிவத்தையே தூக்கிக் கொடுப்பார்கள், பாட்டுச் சேகரிக்கப் போகிறவரிடம் மருந்தின் பக்கவிளைவு என்ன என்று கேட்கும் படிவம். கடுப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகளை எடுத்து ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள். ஊர்த் தலைவர் சரி என்று சொல்வது ஒவ்வொருவரின் தனிச் சம்மதத்துக்கு ஈடாகாது என்பது அதில் தெளிவாக இருக்கிறது, களத்தில் மிகவும் தேவைப்படும் வரி அது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன காகிதம் அத்தனையும் கையில் இருந்தாலும், அது ஊரின் சம்மதம் ஆகாது. அட்டப்பாடியில் குடியிருப்பை ஊர் என்றுதான் சொல்வார்கள். அதற்குத் தலைவராக மூப்பன் உண்டு. பொருளையும் கணக்கையும் பார்க்கிற வண்டாரி, மூப்பனுக்கு உதவியாகச் சேதி சொல்லும் குறுதலை, விதைப்பு அறுப்புச் சடங்குகளுக்கு முன்நிற்கும் மண்ணுக்காரன் என்று பொறுப்புகள் பிரிந்திருக்கும். வெளியாள் செய்யும் வழக்கம் என்னவென்றால், பழங்குடியினருக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் வேலை செய்யும் எஸ்.டி. புரமோட்டரையோ வார்டு மெம்பரையோ கூட்டிக்கொண்டு நேராக மூப்பன் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்துவது. ஆபீஸ் ஆளோடு வந்து இறங்கியவரிடம் மூப்பன் வேண்டாம் என்று சொல்வாரா? சொல்ல மாட்டார். ‘சரி’ என்பார். பிறகு ஊரில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், கேட்ட வீட்டில் ஆள் இருக்காது, பாட்டி காட்டுக்குப் போயிருப்பார், மறுநாளும் போயிருப்பார். அந்தச் ‘சரி’க்கு அர்த்தம் அதுதான். எனக்கு மாதக் கணக்கில் போனது இந்த இடத்தில்தான். கூட வந்த அரசு ஆள் நல்லெண்ணத்தோடு வந்தவர்தான், ஆனால் அவர் பக்கத்தில் நிற்கும்போது எதைக் கேட்டாலும் அது கணக்கெடுப்பாகவே ஊருக்குத் தெரியும்.

சரியான முறை, முதலில் குறுதலையிடமோ ஊரில் தெரிந்த ஒருவரிடமோ சேதி சொல்லி, மூப்பனுக்கு எப்போது வசதி என்று கேட்டு, நடந்து போவது. ஜீப்பைக் கீழே ரோட்டில் நிறுத்திவிடலாம். வெற்றிலை பாக்கு கொண்டு போவது மரியாதை. சாராயம் கொண்டு போவது மரியாதையும் அல்ல, சட்டமும் அல்ல, அட்டப்பாடி மதுவிலக்குப் பகுதி. ‘வயசானவங்க பேச ஒரு குவாட்டர் வாங்கிட்டுப் போங்க’ என்று சமவெளியில் யோசனை சொல்கிறவர்களை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் சந்திப்பில் நோட்டுப் புத்தகமும் ரெக்கார்டரும் பைக்குள்ளேயே இருக்கட்டும். யார், எங்கிருந்து, எதற்கு, இதனால் உங்களுக்கு என்ன கிடைக்கும், எனக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லுங்கள். எனக்கு என்ன கிடைக்கும் என்பதைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். ‘எனக்கு டாக்டர் பட்டம் கிடைக்கும், அதனால் வேலை கிடைக்கலாம். உங்களுக்கு ரோடோ வீடோ இதனால் வராது’ என்று நேராகச் சொன்னால் மூப்பன் சிரிப்பார், பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். 2013இல் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி வந்தபிறகு அட்டப்பாடிக்குக் குழுக் குழுவாக ஆட்கள் வந்து போனார்கள். எடை பார்த்தவர்கள், படம் எடுத்தவர்கள், படிவம் நிரப்பியவர்கள். திரும்பி வந்து என்ன எழுதினோம் என்று சொன்னவர்கள் குறைவு. அந்தச் சலிப்பு நம் தலையிலும் விழும், அதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

அடுத்து ஊருக்கூட்டம். மூப்பன் சொல்லும் நாளில் கூடட்டும், நமக்கு விடுமுறை இருக்கும் நாளில் கூட்டச் சொல்லாதீர்கள். வேலை உறுதித் திட்ட வேலை நடக்கும் நாட்களில் பகலில் பெண்கள் இருக்க மாட்டார்கள். பொழுது சாய்ந்தபின் வைத்தால் திரும்பும் வழியில் யானை. ஆகவே நாலு மணியிலிருந்து ஆறு மணிவரைதான் உருப்படியான நேரம். கூட்டத்தில் பேசிய பிறகு, ‘நாங்கள் கீழே டீக்கடையில் இருக்கிறோம், நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள்’ என்று எழுந்து போய்விட வேண்டும். நாம் உட்கார்ந்திருக்கும்வரை எதிர்ப்பேச்சு வராது. பெண்கள் தனியாகப் பேச விரும்புகிறார்களா என்று கேளுங்கள், குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுவின் கூட்டம் நடக்கும் திண்ணையில் அவர்கள் சொல்லும் பதில் ஆண்கள் சபையில் வந்த பதிலிலிருந்து வேறாக இருக்கலாம். பதிலுக்கு ஒரு வாரமாவது விடுங்கள். வேண்டாம் என்று வந்தால் வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான். அதற்காகவே திட்டத்தில் ஓர் ஊருக்குப் பதில் மூன்று ஊர்களின் பெயரைப் போட்டு அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரின் பெயரில் காகிதம் வாங்கியவர், அந்த ஊர் மறுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற பயத்தில்தான் கெஞ்சவும் அழுத்தவும் ஆரம்பிக்கிறார்.

மொழிபெயர்க்க ஆள் பிடிப்பதில் ஒரே ஒரு எச்சரிக்கை. டீக்கடைக்காரரோ ஜீப் டிரைவரோ தோட்டக்காரரோ ‘எனக்கு அவங்க பாஷை அத்துப்படி’ என்று வருவார், தமிழும் நன்றாகப் பேசுவார். அவர் வந்தவாசிக் குடும்பமாக, அதாவது வெளியிலிருந்து வந்து குடியேறிய குடும்பமாக, இருந்தால், அவர் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர்கள் அவர் முன்னால் கூலி பற்றியோ நிலம் பற்றியோ கடன் பற்றியோ பேசுவார்களா? அதே சமூகத்தில் பிளஸ் டூ, டிகிரி முடித்த பிள்ளைகள் இப்போது நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் பேசி வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை வரும்போது விருப்பம் இருந்தால் உடன் ஆசிரியராகப் பெயரும் போடுங்கள்.

சம்மதப் படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பெருவிரல் ரேகை வைக்கச் சொன்னதும் அதுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து போய்விடுவார். நம்மேல் சந்தேகம் என்று நினைத்துச் சங்கடப்படுவோம். காரணம் நிலம். காகிதத்தில் ரேகை வைத்ததால் கைவிட்டுப்போன நிலத்தின் கதை இல்லாத குடும்பம் அங்கே அரிது. அப்படிப் போன நிலத்தை மீட்டுக் கொடுக்கக் கேரளம் 1975இல் சட்டம் போட்டது, அதைப் பல ஆண்டு நடைமுறைப்படுத்தாமல் இழுத்து 1999இல் வேறு சட்டம் கொண்டுவந்தது. அந்த வழக்குகளை இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறவரிடம் போய் மைத்தட்டை நீட்டுகிறோம். எனவே நெறிமுறைக் குழுவுக்கு மனு போடும்போதே, எழுத்துச் சம்மதத்துக்குப் பதில் சாட்சியோடு கூடிய வாய்மொழிச் சம்மதம் என்று கேட்டு, காரணத்தையும் எழுதி, ஒப்புதல் வாங்கிவிடுங்கள். களத்துக்குப் போனபிறகு மாற்றக் கேட்டால் அதற்கே இன்னொரு குழுக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டும்.

வாய்மொழிச் சம்மதம் என்றால் ‘சரியாம்மா?’ ‘சரி’ என்பதோடு முடியாது. நான்கு கேள்விகள், நான்கையும் தனித்தனியாகக் கேட்டு, தனித்தனியாகப் பதில் பதிய வேண்டும். பேசுவதைப் பதியலாமா? படம் எடுக்கலாமா? உங்கள் பெயரைப் போடட்டுமா, மறைக்கட்டுமா? பதிந்ததை வேறு யார் கேட்கலாம், ஊர்க்காரர் மட்டுமா, மாணவர்களா, எல்லோருமா? பெரும்பாலோர் முதல் கேள்விக்குச் சரி என்பார்கள், நாலாவதில் தயங்குவார்கள். பெயரை மறைப்பதுதான் நெறிமுறை என்று நாமே முடிவு செய்வதும் தப்பு, பாட்டுக் கற்றவர் ‘என் பேரு போடாம யார் பேரு போடுவே?’ என்று கேட்பார். ஒருநாள் கொடுத்த சம்மதம் அந்த நாளுக்குத்தான், அடுத்தமுறை மறுபடி கேட்க வேண்டும். கொடுத்த சம்மதத்தை எந்தத் தேதிவரை திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பதையும் சொல்லி, பெரிய எழுத்தில் நம் செல் நம்பரும் நம் ஆய்வு வழிகாட்டியின் நம்பரும் அச்சடித்த ஒரு அட்டையைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

பதிவு செய்யும்போது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு போதும். ஸ்டீரியோவில் மணிக்கு ஏறக்குறைய ஒரு ஜி.பி. பிடிக்கும், மோனோ என்றால் அதில் பாதி. அன்றிரவே இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். கூகுள் டிரைவில் தானாக ஏறும் வசதியை அணைத்து வையுங்கள், போன் கேமராவில் இடம் காட்டும் வசதியையும். பேச்சின் நடுவில் ‘இத எடுக்காதே’ என்றால் நிறுத்துவது மட்டும் போதாது. ரெக்கார்டரை அவர் பக்கம் திருப்பி, அந்தக் கோப்பை ஒருமுறை ஒலிக்கவிட்டு, இதுதானே என்று கேட்டு, அவர் கண்முன் அழித்து, பட்டியலில் அந்த எண் இல்லை என்று காட்ட வேண்டும். கார்டு இரண்டு இருக்கும் கருவி என்றால் இரண்டிலும். கூட இருக்கும் பேரனை விட்டே அந்தப் பொத்தானை அமுக்கச் சொன்னால் இன்னும் நல்லது. சாவுச் சடங்கில் பொறை என்ற மேளமும் குழலும் ஒலிக்கும்போது, கூப்பிட்டார்கள் என்பதற்காக மைக்கை நீட்டக் கூடாது. அழைப்பு உட்காருவதற்கு. பதிவுக்கு வேண்டுமென்றால் பின்னால் ஒருநாள் தனியாகக் கேளுங்கள், சில பாட்டுகளை வேறு நாளில் பாடக் கூடாது என்பார்கள், அதோடு விட்டுவிடுங்கள். பாடியவருக்கு 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை இருக்கிறது, ஐம்பது ஆண்டுக்கு. நாட்டுப்பாட்டுக்கு யார் சொந்தக்காரர் என்று அலட்சியமாக யூடியூபில் ஏற்றுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பணம் கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒருவரின் அரைநாளை எடுத்துக்கொண்டால் அவருக்குக் கூலி போகிறது. 2025-26இல் கேரளத்தில் வேலை உறுதித் திட்டக் கூலி 369 ரூபாயாக இருந்தது, அதற்குக் குறையாமல் கொடுங்கள், அரைநாளானாலும் முழுக்கூலி. பாதியில் எழுந்து போனாலும் முழுக்கூலி உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டால்தான் அவர் தாராளமாக எழுந்து போவார். எவ்வளவு என்பதை ஊருக்கூட்டத்தில் எல்லோர் முன்னும் பேசி முடியுங்கள், ஒருவருக்கு ஐந்நூறும் அடுத்த வீட்டுக்கு நூறும் என்று போனால் நாம் இறங்கியபிறகு ஊரில் சண்டை.

மருந்துச் செடி பக்கம் போகிறவர்கள் தெற்கே அகத்தியமலையின் காணிக்காரப் பழங்குடியினர் விஷயத்தைப் படித்துவிட்டுப் போங்கள். 1987இல் மலையேறிய விஞ்ஞானிகள், வழிகாட்ட வந்த காணிக்காரர் களைப்பில்லாமல் நடப்பதையும், ஏதோ ஒரு பழத்தை அவ்வப்போது வாயில் போட்டுக்கொள்வதையும் பார்த்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, பத்து லட்சம் ரூபாய் உரிமத் தொகைக்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் கோவையின் மருந்து நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, பணத்தை வாங்கிக்கொள்ள 1997இல்தான் ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகம் முழுக்க முன்மாதிரி என்று பேசப்பட்டது. பேசப்பட்டது நியாயம்தான், அந்தக் காலத்தில் பாதி கொடுத்தவர் யார்? ஆனால் தகவலை எடுத்தது முதலில், சமூகத்தைக் கேட்டது பல ஆண்டு கழித்து. வழிகாட்டியவர்கள் பகுதிக்கு வெளியே இருந்த காணிக்காரர் பலர், எங்களை யார் கேட்டார்கள் என்றார்கள். இன்று 2002 பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது. காப்புரிமை என்று போனால் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தைத் தாண்டியாக வேண்டும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கூட்டு என்றால் தொடங்கும் முன்பே. ஆனால் சட்டம் பிடிக்காத ஓட்டை ஒன்று உண்டு: வணிக நோக்கமே இல்லாத ஆய்வேட்டில் செடியின் பெயர், வளரும் இடம், எவ்வளவு எதோடு சேர்ப்பது என்று அட்டவணை போட்டுவிட்டால், அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பயன்பாட்டை மேலோட்டமாக எழுதி, அளவையும் இடத்தையும் ஊரின் கையிலேயே விட்டுவிடுவது என்று வைத்தியரோடு முன்னமே பேசிக்கொள்ளுங்கள்.

ஆய்வேட்டின் பின்னிணைப்பில் கவனம் வேண்டும். தகவலாளர் பட்டியல் என்று பெயர், வயது, ஊர், படம் எல்லாம் போடும் பழக்கம் நம் தமிழ்த் துறைகளில் இன்னும் இருக்கிறது. முன்பு அது நூலக அலமாரியில் தூசி தின்னும். இப்போது பி.எச்டி. ஏடுகள் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறி, உலகில் யார் தேடினாலும் கிடைக்கும். பெயர் போடச் சொன்னவர் பெயரை மட்டும் வையுங்கள், மற்றவர்களுக்குக் குறியீட்டு எண், எண்ணுக்கும் பெயருக்குமான பட்டியல் கடவுச்சொல் போட்ட தனிக் கோப்பில். ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தைச் சேர்ப்பதாக இருந்தால், சில பகுதிகளைப் பொதுவில் ஏற்றாமல் நிறுத்திவைக்கும்படி சமர்ப்பிக்கும் முன் எழுத்து மூலம் கேளுங்கள், ஏறியபின் இறக்குவது பெரும்பாடு.

சமர்ப்பிக்கும் முன் ஒருமுறை ஊருக்குப் போயாக வேண்டும், அதற்கான செலவை முதல் பட்ஜெட்டிலேயே ஒதுக்குங்கள், கடைசியில் யாரும் தர மாட்டார்கள். எழுதியதன் சுருக்கத்தை ஊருக்கூட்டத்தில் வாய்விட்டுப் படியுங்கள், தப்பு என்று சொன்ன இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவுகளை எம்.பி.3 ஆக்கி 32 ஜி.பி. மெமரி கார்டில் போட்டு, பாடியவர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒன்று, மூப்பனிடம் ஒன்று. பென் டிரைவ் கொடுத்தால் பயன் குறைவு, பலரிடம் இருப்பது பட்டன் போன், அதில் கார்டுதான் நுழையும். படங்களை ஆறுக்கு நாலு அளவில் அச்சுப் போட்டு லேமினேட் செய்து கொடுங்கள், மழைக்காலத்தில் சும்மா அச்சு ஒட்டிக்கொண்டுவிடும். இறந்துபோனவர் படம் இருந்தால் சபையில் எடுத்து நீட்டாமல், வீட்டாரிடம் தனியாகக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.